லினக்ஸ் சர்வரை நிறுவியாயிற்று, அடுத்து என்ன?

புதிதாக நிறுவிய உபுண்டு சர்வர் ஓரளவு பாதுகாப்பாகவே இருக்கும். எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் கணக்கு பூட்டியிருக்கும். பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக இறங்கும். ஆனால் வெளி இணைப்புகளை வடிகட்டும் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் உள்ளே இருந்தும் அணைந்தே கிடக்கும். சர்வரில் நீங்கள் எதை ஓட்டப்போகிறீர்கள் என்பது தயாரித்தவர்களுக்குத் தெரியாதே! அது தெரிந்த ஒரே ஆள் நிர்வாகியான நீங்கள்தான். ஆகவே மிச்ச வேலை உங்கள் தலையில்.

படி 1: எது திறந்திருக்கிறது?

எந்தச் சேவைகள் இணைப்புக்குக் காத்திருக்கின்றன என்று காட்டும் எஸ்எஸ் கட்டளையை, சூடோ எனும் நிர்வாகி உரிமையுடன், சிறிய எழுத்து டி, எல், என், பி தெரிவுகளோடு (sudo ss -tlnp) இயக்குங்கள். 127.0.0.1 என்று காட்டும் சேவையை அந்தக் கணினிக்குள்ளிருந்து மட்டுமே அணுகலாம். 0.0.0.0 என்றால் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் காத்திருக்கிறது என்று பொருள். டேட்டாபேஸ் அப்படி நின்றால் உடனே கவனியுங்கள்.

படி 2: புதுப்பித்தல்

மென்பொருள்களை நிர்வகிக்கும் ஏபிடி கட்டளையில் முதலில் அப்டேட், பிறகு அப்கிரேடு. புதிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) வந்திருந்தால் மறுதொடக்கம் செய்யும்வரை பழையதுதான் ஓடும். இயல்பமைப்பில் சர்வர் தானாக மறுதொடக்கம் ஆகாது.

படி 3: எஸ்எஸ்ஹெச்

தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி இது. இதில் அவசரம் கூடாது. முதலில் உங்கள் கணினியில் சாவி ஜோடி (ரகசியச்சாவி, பொதுச்சாவி) உருவாக்கி, பொதுச்சாவியை சர்வரில் சேருங்கள். சாவியால் நுழைய முடிகிறதா என்று பார்த்த பிறகே கடவுச்சொல் நுழைவை நிறுத்துங்கள்.

பலர் சறுக்கும் இடம் இது: எஸ்எஸ்ஹெச்சின் முதன்மை அமைப்புக் கோப்பில் கடவுச்சொல் நுழைவுக்கு 'நோ' என்று எழுதிவிட்டு வேலை முடிந்ததென்று எழுந்துவிடுவார்கள். கிளவுட் சர்வர்களில் பெரும்பாலும் முதல் தொடக்கத்தில் அமைப்புகளைச் செய்யும் கிளவுட்-இனிட் வைத்த தனிக் கோப்பு ஒன்று 'யெஸ்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். அது முதலில் வாசிக்கப்படுகிறது. எஸ்எஸ்ஹெச் முதலில் கண்ட மதிப்பையே எடுத்துக்கொள்ளும். எனவே எஸ்எஸ்ஹெச்டி கட்டளையை பெரிய எழுத்து டி தெரிவோடு (sudo sshd -T) இயக்கி, உண்மையில் நடப்பில் வரும் மதிப்பைப் பாருங்கள். சேவையை மறுதொடக்கம் செய்யும்போது பழைய இணைப்பை மூடாமல், இன்னொரு ஜன்னலில் நுழைந்து சோதியுங்கள்.

படி 4: ஃபயர்வால்

எஸ்எஸ்ஹெச் வழக்கமாகப் பயன்படுத்தும் போர்ட் 22-ஐ அனுமதித்த பிறகே யூஎஃப்டபிள்யூவை இயக்குங்கள். வரிசை மாறினால் நீங்களே வெளியே நிற்க நேரிடும்.

டாக்கர் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டகங்களில் ஓட்டும் கருவி) பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை: அது வெளியிடும் போர்ட்டுகள் யூஎஃப்டபிள்யூ விதிகளைத் தாண்டிப் போய்விடும். யூஎஃப்டபிள்யூ நிலைப் பட்டியலில் அவை தென்படா. வெளியார் அணுகத் தேவையில்லாத போர்ட்டை 127.0.0.1 முகவரியோடு மட்டும் பிணையுங்கள். பிறகு வேறொரு கணினியிலிருந்து போர்ட்டுகளைச் சோதிக்கும் என்மேப் கருவி கொண்டு உங்கள் சர்வரைத் துழாவி, திறந்திருப்பவை நீங்கள் அனுமதித்தவை மட்டும்தானா என்று பாருங்கள்.