ஒத்திகை பார்க்காத இசையா? பரிசோதனை ராக் கேட்கத் தொடங்குவோர் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்த தம்பி ஒருவர், கேப்டன் பீஃப்ஹார்ட் குழுவின் ‘ட்ரௌட் மாஸ்க் ரெப்ளிகா’ என்ற பரிசோதனை ராக் இசைத்தட்டை மூன்று நிமிடம் கேட்டுவிட்டு, “அண்ணா, இவங்க ஒத்திகையே பாக்கலையா?” என்றார். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் கேட்ட அதே கேள்வி அது. அதற்குப் பிறகு அவர் என்ன செய்வார் என்பதும் எனக்குத் தெரியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். பொறுமை வேண்டும், நல்ல ஹெட்ஃபோன் வேண்டும் என்றெல்லாம் எவரும் சொல்லிவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

இருப்பதிலேயே கடினமானதை முதலில் எடுப்பது

அமெரிக்க ராக் பாடகர் லூ ரீட் 1975-இல் வெளியிட்ட ‘மெட்டல் மெஷின் மியூசிக்’ ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கிட்டார் ஃபீட்பேக் (ஒலிபெருக்கியின் சத்தம் கிட்டாரிலேயே திரும்பப் புகுந்து எழும் இரைச்சல்) மட்டுமே கொண்டது. அதில் பாட்டும் இல்லை, தாளமும் இல்லை. அங்கே தொடங்கியவர்களில் பலர் அங்கேயே நின்றுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பதிலாக, ஜெர்மனியின் நொய் குழு 1972-இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் உள்ள ‘ஹலோகலோ’வைக் கேளுங்கள். கிளாவுஸ் டிங்கரின் டிரம்ஸ் பத்து நிமிடமும் ஒரே சீராக ஓடும். அதன்மேல் மைக்கேல் ரோதரின் கிட்டார்கள் மெல்லச் சேர்ந்து மெல்ல விலகும். காலால் தாளம் போட்டபடியே புதிய ஒலிகளுக்குப் பழகிக்கொள்ளலாம்.

குரலுக்காகக் காத்திருப்பது

பல்லவி, சரணம், இடையிசை என்று பழகிய நம் காது, பாடகர் வரும்வரை நடப்பதையெல்லாம் முன்னோட்டமாகவே எடுத்துக்கொள்கிறது. ஜெர்மனியின் இன்னொரு குழுவான கேனின் 1971-ஆம் ஆண்டு இசைத்தட்டு ‘டாகோ மாகோ’வில் உள்ள பதினெட்டு நிமிடத் தடத்தில் மையமே யாக்கி லீபெட்சைட்டின் டிரம்ஸ்தான், டாமோ சுசுகியின் குரல் அங்கே கருவிகளோடு இன்னொரு கருவி.

ஒழுங்கே இல்லை என்று முடிவு கட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். சேர்த்து வைத்த பணத்தில் ‘ட்ரௌட் மாஸ்க் ரெப்ளிகா’வை வாங்கினேன், மனம் போன போக்கில் வாசித்திருக்கிறார்கள் என்று தீர்மானித்து, மூன்றே தடவை கேட்டபின் பழைய இசைத்தட்டுக் கடையில் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டேன். அதைப் போன்ற எதையும் ஒன்பது ஆண்டுகள் நான் தொடவில்லை. போன பணத்தை விட அந்த ஒன்பது ஆண்டுகள்தான் பெரிய இழப்பு.

அந்த இசை எப்படி உருவானது என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். லாஸ் ஏஞ்சலஸின் வுட்லண்ட் ஹில்ஸ் பகுதியில் ஒரு சிறிய வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டோடும் தலைவரின் கடுமையான வசவுகளோடும், வாத்தியக்காரர்கள் ஏறக்குறைய எட்டு மாதம் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். கேப்டன் பீஃப்ஹார்ட் என்ற பெயரில் பாடிய அந்தத் தலைவர் டான் வான் வ்லீட் பியானோ கற்றிராதவர்; அவர் அதில் தட்டிய துணுக்குகளை, டிரம்ஸ் கலைஞர் ஜான் ஃப்ரெஞ்ச் இசைக்குறிப்பாக எழுதி, ஒன்றோடொன்று பொருத்தி, ஒவ்வொருவருக்கும் கற்றுக்கொடுத்தார். பதிவுக்கூடத்தில், மொத்தம் 28 தடங்களில் இருபதின் வாத்தியப் பகுதியை ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் அவர்களால் முடிக்க முடிந்ததற்குக் காரணம், எல்லாமே மனப்பாடமாகியிருந்ததுதான். 1969-இல் வெளியான மூல உறையில் ஃப்ரெஞ்சின் பெயரே இல்லை. அதைப் படித்த அன்று எனக்கு வலித்தது. அவருடைய உழைப்பைத் தற்செயல் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

ஒரு கிட்டாரின் துணுக்கு ஏழு எண்ணிக்கையிலும் இன்னொன்றின் துணுக்கு நான்கு எண்ணிக்கையிலும் சுற்றினால், இரண்டின் தொடக்கமும் 28 எண்ணிக்கைக்கு ஒருமுறைதான் சேரும். தனி ஆவர்த்தனத்தில் கணக்கு எங்கே வந்து சேரும் என்று விரல் விட்டு எண்ணியவருக்கு இது புதிதல்ல. ஆனால் இங்கே அந்தச் சேருமிடம் வருவதற்கு முன்பே, இரண்டு கிட்டார், பேஸ், டிரம்ஸ் என நால்வரும் ஒரே கணத்தில் அடுத்த பகுதிக்குத் தாவிவிடுவதும் உண்டு. மனம் போன போக்கில் வாசிப்பவர்களால் அப்படிச் சேர்ந்து தாவ முடியாது. அந்தத் தாவலைக் காது ஒருமுறை பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகவே விரியத் தொடங்கும்.

கிட்டார்கள் இடம், வலமாகப் பிரிந்து ஒலிப்பதால், முதலில் இடது காதில் மட்டும் மாட்டிக் கேளுங்கள், மறுநாள் வலது, அதன் பின் டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். பேருந்தில் ஆளுக்கொரு இயர்போனாகப் பகிர்ந்துகொள்ளும் நண்பர்கள் இருவரும் ஆளுக்குப் பாதி இசைக்குழுவைத்தான் கேட்கிறார்கள். குரலைக் கடைசிக்கு வையுங்கள், ஏனெனில் வான் வ்லீட் ஹெட்ஃபோன் அணியாமல், கண்ணாடித் தடுப்பு வழியாகக் கசிந்த ஒலியை மட்டும் கேட்டுத்தான் பெரும்பாலும் பாடினார். அதனால் குரல் வாத்தியங்களோடு இழையாமல் சற்றே விலகி நிற்கும், புதியவர்களை முதலில் குழப்புவதும் அதுதான்.

வேறு வேலை செய்துகொண்டே கேட்பது

வேண்டாம்.

புரியவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவது

குறையுங்கள். மிதமான ஒலியில்தான் கருவிகள் தனித்தனியே கேட்கும்.

28 தடங்களையும் ஒரே மூச்சில் கேட்பது

‘ட்ரௌட் மாஸ்க் ரெப்ளிகா’ இரண்டு இசைத்தட்டுகளாக, நான்கு பக்கங்களாக வந்தது; பக்கம் முடிந்ததும் எழுந்து சென்று திருப்பிப் போட வேண்டியிருந்தது. இன்று இணையத்தில் கேட்பவருக்கு அந்த ஓய்வு கிடைப்பதில்லை. வாரத்துக்கு ஒரு பக்கம் போதும் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். முதல் பக்கத்தின் இடது கிட்டாரை முடித்துவிட்டாராம்; நேற்று வலது கிட்டாருக்கு மாறியிருக்கிறார்.