ஊர் மெயின் ரோட்ட நேராக்கி அகலிக்கிறதுக்கு பிளான் போடுறது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆக்களுக்கு

நம்மட பக்கத்துல ரோட்டுக் கதை வந்தா முதல்ல எழும்புறது மகஜர் தான், "அகலமாக்கி காபட் போட்டுத் தாங்க" எண்டு எழுதி ஊர் முழுக்க கையெழுத்து வாங்கி கச்சேரிக்கும் எம்பிக்கும் குடுப்பம், அதோட நம்மட வேல முடிஞ்சிரும். மகஜர் குடுங்க, வேணாமெண்டு சொல்லல்ல, ஆனா ரோட்டு எந்த எடத்துல எந்தப் பக்கம் நகரணும், யார்ட வளவு எவ்வளவு போகும், மழத்தண்ணி எங்க போய் விழும், ஸ்கூல் புள்ளைகள் எங்க கடக்கும் எண்டு ஒரு வரைபடத்தோட போனா கதையே வேற, எஞ்சினியர்மார் அத விரிச்சி வெச்சி உங்களோட கதைப்பாங்க. பிரதேச சபை மெம்பர்மாருக்கும் கிராம அபிவிருத்திச் சங்கத்துல இரிக்கிறவங்களுக்கும் உதவட்டும் எண்டு தான் இத எழுதுறன்.

முதல் வேல, ரோட்டு யார்ட எண்டு பாக்கிறது. ஏ, பி எண்டு நம்பர் இரிக்கிற ரோட்டு வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி எல்லாம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, மிச்சமுள்ள சின்ன ரோட்டுகள் பெரும்பாலும் பிரதேச சபை, நகர சபை, மாநகர சபைக்கு. கல்லடியால காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் எண்டு போறது ஏ4, ஏறாவூர் வாழைச்சேனைப் பக்கத்தால திருகோணமலைக்குப் போறது ஏ15, செங்கலடியில இருந்து பதுளைக்கு ஏறுறது ஏ5. ஆள் மாறிப் போய் கடிதம் குடுத்தா அது மேச மேசையா சுத்தும். ரோட்டுக்கெண்டு ஒதுக்கின அகலம் எவ்வளவு, பழைய சேவே பிளான் (நில அளவைப் படம்) இரிக்கா, ஏற்கனவே டிசைன் செஞ்சி வெச்சிரிக்காங்களா எண்டு 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேட்டு எழுதுங்க, 14 வேலை நாளைக்குள்ள தரலாமா இல்லையா எண்டு முடிவு சொல்ல வேணும். ஒதுக்கின அகலம் தெரிஞ்சா பாதிச் சண்ட அங்கயே தீந்துரும், ஏனெண்டா கன இடங்கள்ல மதில் தான் ரோட்டுக்குள்ள வந்து நிக்கும், ரோட்டு மதிலுக்குள்ள போகல்ல.

பிறகு ரோட்ட நடந்து பாக்க வேணும், வாகனத்துல போனா ஒண்டும் தெரியாது. கூகுள் மேப்புல சட்டலைட் படத்த எடுத்து பெருசா பிரிண்ட் அடிச்சி, மதகு, கரண்ட் போஸ்ட், கிணறு, பெரிய மரம், கோயில், பள்ளிவாசல், ஸ்கூல் கேட், பஸ் நிக்கிற இடம் எல்லாத்தயும் குறிச்சிட்டுப் போங்க. சனத்தையும் வாகனத்தையும் எண்ணவும் வேணும். காலம ஆறுல இருந்து பின்னேரம் ஆறு வரைக்கும், கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா, சந்தியில எது எந்தப் பக்கம் திரும்புது எண்டும் சேத்து. சைக்கிள், நடந்து போறவங்கள விட்டுட்டு கார், பஸ், லொறிய மட்டும் எண்ணினா அந்தக் கணக்கு நம்மட ஊருக்கு ஆகாது. ஸ்கூல் விடுற நேரமும் டியூசன் விடுற நேரமும் ரோட்டு முழுக்க சைக்கிள் தானே. சந்தை நாள் ஒண்டையும் அறுவடக் காலத்து நாள் ஒண்டையும் எடுங்க, அந்தக் காலத்துல ரோட்டோரத்துல நெல்லக் காயப் போட்டிருப்பாங்க, மெசினும் ட்ரெக்டரும் ஊரும், நெல்லுக்கு விலத்தி சனம் நடுரோட்டுல நடக்கும். ராவைக்கும் ஒருக்கா போங்க, தார்ச் சூட்டுக்கு மாடு எங்க வந்து படுக்குது எண்டு தெரிய வரும், மோட்டபைக்காரர் அடிபடுறது கூட அந்த இடங்கள்ல தான். பொலிஸ் போக்குவரத்துப் பிரிவுல விபத்து நடந்த இடங்கள கேட்டு எடுத்து அதே படத்துல சிவப்புப் பேனையால போடுங்க.

இனி வளைவுக்கு வருவம். நான் சொல்றது எல்லா வளைவையும் நேராக்கத் தேவல்ல. ஒரு வளைவ எடுத்துப் பாருங்க, உள்பக்கம் ஒரு மதில், மதிலுக்கு வெளியால கரண்ட் போஸ்ட், போஸ்ட்டுல ரெண்டு மூணு பேனர், அதுக்குப் பக்கத்துல தகரத்த முன்னுக்கு நீட்டின தேத்தண்ணிக் கட, கடைக்கு முன்னால நாலு மோட்டபைக், பஸ் நிக்கிறதும் சரியா அந்த எடத்துல. பின்னால வாற லொறி பஸ்ஸ வெட்டி எடுக்கக்குள்ள எதிர்ல வாற சைக்கிள் தெரியாது. இங்க பிரச்சின பார்வை தான். 50 கிலோமீட்டர் வேகத்துல வாறவர் கண்டு பிரேக் அடிச்சி நிக்க ஏறத்தாள 65 மீட்டர் தூரம் தெரிய வேணும். போஸ்ட்ட பின்னுக்குப் போட்டு, மதில் மூலைய கொஞ்சம் வெட்டி, பஸ் ஹோல்ட்ட வளைவ விட்டுத் தள்ளி வெச்சா அந்தத் தூரம் கிடைச்சிரும், ஒரு வீடும் உடைக்கத் தேவல்ல.

அப்படியும் சரிவராட்டி தான் ரோட்டுக் கோட்ட நகத்துறது. இதுல எந்த வேகத்துக்கு டிசைன் எண்டுறது பெரிய விஷயம், தயவு செஞ்சி கூட்டத்துல இதக் கேளுங்க. 50 கிலோமீட்டருக்கு வளைவு ஆரம் (அது கூடக் கூட வளைவு விரியும்) ஏறத்தாள 90 மீட்டர் போதும், 70 எண்டு போட்டா 190 மீட்டர் அளவுக்குப் போகும், அந்த வித்தியாசம் முழுக்க யாரோ ஒருத்தர்ட வளவுக்குள்ள தான் விழும். ஊருக்குள்ள சட்டப்படி வேகம் 50 தானே, பிறகென்னத்துக்கு 70க்கு வளைச்சி வீட்ட உடைக்கிறது? நேராக்கினா ஓடுற வேகமும் கூடும், அதால நேராக்கின துண்டுல சனம் கடக்கிறதுக்கு மேடாக்கின மஞ்சக்கோடும் ரோட்டு நடுவுல நிண்டு கடக்கத் திட்டும் அதே பிளான்லயே வர வேணும், பிறகு பாப்பம் எண்டு விட்டா அது வரவே வராது.

அகலிக்கிறதெண்டா ரெண்டு பக்கமும் சமனா வெட்டுறது நீதி மாதிரி தெரியும், ஆனா அது தான் ஆகக் கூட உடைக்கிற வழி. ரெண்டு பக்க மதிலும் போகும், ரெண்டு பக்கக் கட முகப்பும் போகும், ரெண்டு பக்க போஸ்ட்டும் மாத்த வேணும். ஒரு பக்கமா நகத்தினா செலவும் குறைவு, பாதிக்கப்படுற குடும்பமும் குறைவு. ஆனா "ஏன் எங்கட பக்கம்?" எண்டு கேள்வி வரும், வரத்தான் செய்யும். அதால விதிய முதல்ல எழுதி வைங்க. முதல்ல அரச காணி, பிறகு வெறுங்காணி, பிறகு மதில் மட்டும் போற வளவு, குடியிருக்கிற வீடு ஆகக் கடைசி. பக்கம் மாறுறதெண்டா நீட்டா நேரா போற துண்டுல மெல்ல மெல்ல மாறணும். கோட்ட வரைஞ்சதும் பேப்பரோட நிக்காம முளை அடிச்சி கயிறு கட்டிக் காட்டுங்க, வயசான உம்மாமார், அம்மாமாருக்கு பிளான் வாசிக்கத் தெரியாது, தன்ட கிணத்தடியில கயிறு போறதப் பாத்தா உடனே விளங்கும், அவங்க சொல்ற நியாயமும் அப்ப தான் வெளிய வரும்.

காணி எடுக்கிறது 1950 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்க காணி எடுத்தற் சட்டத்தால. 2 ஆம் பிரிவு அறிவித்தல் வந்தா அளக்க வரப் போறாங்க எண்டு அர்த்தம், 4 ஆம் பிரிவுல ஆட்சேபனை சொல்லலாம், 7 ஆம் பிரிவுல நட்டஈட்டுக் கோரிக்கைய எழுத்துல குடுக்க வேணும், 9 இல விசாரணை, 17 இல நட்டஈட்டுத் தொகை. அவசரம் எண்டு 38 ஆம் பிரிவ வெச்சி நட்டஈட்டுக்கு முதலே காணிய எடுக்கவும் வழி இரிக்கு, அதால உறுதி, பெர்மிட், சேவே பிளான், வீட்டுப் படம், கட எண்டா வரவு செலவுக் கொப்பி எல்லாத்தையும் இப்பவே போட்டோ கொப்பி எடுத்து வைங்க. சுனாமியிலயும் யுத்தத்துலயும் உறுதி தொலைஞ்ச குடும்பங்கள் நம்மட கரையில கனக்க, அவங்களுக்கு காணிப் பதிவகத்துல பிரதி எடுத்துக் குடுக்கிறது சங்கத்துட வேலயா இரிக்கட்டும்.

தண்ணி விஷயம் தான் நான் ஆகக் கூடக் கவலப்படுறது. நம்மட கரையில கன இடத்துல கிழக்கால கடல், மேற்கால வாவி, நடுவுல மெல்லிய மணல் துண்டு, அந்த மணலுக்கு மேல தான் மெயின் ரோட்டு. காபட்டுக்கு மேல காபட் போட்டுப் போட்டு ரோட்டு உயர்ந்து, இப்ப கன ஊர்ல வீட்டு வாசல் ரோட்ட விட பள்ளம். ரோட்டு ஒரு அணைக்கட்டு மாதிரி நிண்டு மாரித் தண்ணிய மறிக்குது, 2011 தை மாச வெள்ளத்துல எந்தெந்த வளவுல எவ்வளவு உயரத்துக்கு நிண்டது எண்டு சுவர்ல அடையாளம் வெச்சிரிக்கிறவங்க இருப்பாங்க, அதெல்லாம் உங்கட படத்துல வரட்டும். கேக்க வேண்டியது இது: புதுத் தார் போட முதல் பழையத சுரண்டி எடுப்பீங்களா, முடிஞ்ச ரோட்டு மட்டம் இப்ப இரிக்கிறத விட எத்தின சென்ரிமீட்டர் கூட? ரோட்டு நடுவுல இருந்து ஓரத்துக்கு ரெண்டர வீதம் சரிவு குடுத்தா ஏழு மீட்டர் ரோட்டுக்கு ஒம்பது சென்ரிமீட்டர் அளவு தான் வரும், அதுக்கு மேல உயர்த்துறதுக்கு அவங்க காரணம் சொல்லட்டும்.

வடிகான் கட்டுறது மட்டும் போதாது, அது எங்க போய் விழுது எண்டு கடைசி வரைக்கும் நடந்து பாருங்க. வாவிக்கா, கடலுக்கா, சாய்ந்தமருது மாதிரி தோணாவுக்கா (ஊர்த் தண்ணி ஓடுற இயற்கை வாய்க்கால்)? தோணாவ நிரப்பி வீடு கட்டி இரிந்தா எவ்வளவு கொங்ரீட் கான் கட்டியும் தண்ணி திரும்பி ஊருக்குள்ள தான் வரும். மாரியில வாவி நிரம்பி தண்ணி கடலுக்குப் போக முகத்துவாரத்து மணல வெட்ட முதல் வாவி மட்டம் எவ்வளவு உயரத்துல நிக்குது, அந்த மட்டத்துல கான் வாய் தாண்டுமா எண்டு மீன்பிடிக்கிற ஆக்களக் கேட்டா சரியா சொல்லுவாங்க. பழைய மதகுகள மூட விடாதீங்க, ரோட்டு நகர்ந்தா மதகும் சேந்து நீளணும்.

குறுக்கு அகலத்துக்கு ஒரு கணக்குச் சொல்றன். வாகனம் ஓட ஏழு மீட்டர், ரெண்டு பக்கமும் சைக்கிளுக்கு ஒண்டர, நடக்கிறதுக்கு ஒண்டு தசம் எட்டு, எல்லாம் சேத்து 13.6 மீட்டர், கான் நடைபாதைக்குக் கீழால, மேல தூக்கிக் கழுவக் கூடிய மூடி. இந்த அகலம் இல்லாத இடத்துல சைக்கிள், நடபாதைய வெட்டி வாகனத்துக்குக் குடுக்கிறத நான் ஏத்துக்கொள்ள மாட்டன். நடுவுல திட்டு வெச்சி காத்தான்குடி மாதிரி மரம் நட்டா வடிவு தான், ஆனா அதுக்கு அகலம் வேணும், ஒரு ஆள் சைக்கிளோட நிண்டு கடக்கிற அளவுக்கு இல்லாத திட்டால பிரயோசனமில்ல. முக்கியமா கடற்கரையில இருந்து வாற குறுக்குத் தெருக்கள திட்டு மறிக்கக் கூடாது. சுனாமி வந்த 2004 மார்கழி 26 அண்டைக்கு சனம் அந்த ஒழுங்கைகளால தான் மெயின் ரோட்டுக்கு ஓடி வந்தது, எந்த ஒழுங்கையால ஓடுறது எண்டு ஊர் சொல்றத படத்துல பச்சையால போட்டு அந்த வாய்கள திறந்தே வைங்க. தேர் வாற ரோட்டெண்டா தேர்ட உயரமும் அது திரும்புற அகலமும் கோயில் சபையிட்ட எழுதி வாங்கணும்.

அனுமதிகள சுருக்கமா சொன்னா, தேசிய, மாகாண பெருந்தெரு நீளம் 10 கிலோமீட்டருக்கு மேல போனா சுற்றாடல் மதிப்பீடு, கரையில இருந்து 300 மீட்டருக்குள்ள எண்டா கரையோரம் பேணல் திணைக்களத்துட அனுமதி, வாவி ஓரத்துக்கும் அவங்கட எல்லை வரும். பலா, ஈரப்பலா, பெண் பனை வெட்டுறதெண்டா அதுக்கும் அனுமதி வேணும். மின்சாரம், நீர் வழங்கல் சபை, டெலிகொம் மூணு பகுதி ஆக்களையும் தார் போட முதல் ஒரே மேசையில இருத்துங்க, எதிர்காலத்துக்கெண்டு குறுக்கால வெறும் பைப் போட்டு விட்டா புது காபட்ட வெட்டுற கதை இல்ல.

வேலய மாசியில தொடங்கி புரட்டாதிக்குள்ள கான் வேலய மூடக் கூடிய மாதிரி காலம் போடச் சொல்லுங்க, ஐப்பசி மழைக்கு திறந்து கிடக்கிற கான் ஆளயும் விழுத்தும், மதிலயும் விழுத்தும். காசு துண்டு துண்டா வாறதெண்டா முதல் துண்டு கானும் சந்தியும், காபட் பிறகு.

கடைசியா ஒண்டு, ரோட்ட நகத்தினா பழைய வளைவுத் துண்டு சும்மா மிஞ்சும். அத பத்தி பிளான்ல ஒரு வரி இல்லாட்டி ஒரு வருசத்துக்குள்ள யாராவது வேலி போட்டு அடைச்சிருவாங்க. அது பஸ் ஹோல்ட்டா, ஆட்டோ பார்க்கா, வாகை, வேம்பு நிழலா, இல்லாட்டி காணி போன கடைக்காரருக்கு மாத்து இடமா எண்டு கூட்டத்துலயே தீர்மானிச்சி, பிரதேச செயலாளர்ட எழுத்தோட பேரையும் எல்லையையும் போட்டு எடுங்க, எல்லைக் கல்லு நடுறது ரோட்டு வேல தொடங்குற கிழமையிலயே நடக்கட்டும்.