வயிறு மந்தமா? மருந்துக்கு முன்னால் கொஞ்சம் நடந்து பாருங்கள்

மலச்சிக்கல் என்றதும் பலர் முதலில் கேட்பது மெடிக்கலில் கிடைக்கும் பொடியை, இல்லையென்றால் ராத்திரி இரண்டு வாழைப்பழம். தப்பில்லை. ஆனால் காலையில் பைக், அப்புறம் ஆபீஸ் நாற்காலி, வீட்டுக்கு வந்தால் சோபா என்று நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் குடலும் சோம்பித்தான் கிடக்கும்.

பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். சாப்பிட்டதில் மிச்சம் அதற்குள் ஒரு நாளுக்கு மேல்கூடத் தங்கும். தங்கத் தங்க குடல் அதிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால்தான் மலம் இறுகுகிறது. உடம்பு அசைந்தால் குடலும் அசையும், உள்ளே இருப்பது சீக்கிரம் நகரும், உப்புசம் பண்ணும் வாயுவும் வெளியேறும்.

நேரம் பார்த்து நடப்பதில்தான் விஷயம் இருக்கிறது. வயிற்றில் ஏதாவது விழுந்ததும் பெருங்குடல் தானாகவே சுருங்கி வேலையைத் தொடங்கும், அதுவும் காலையில் பலமாக. அதனால் எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், காபி பழக்கம் இருந்தால் காபி, கையோடு 20 நிமிடம் நடை. மொட்டை மாடியோ வீட்டைச் சுற்றிய தெருவோ போதும், தூரமாகப் போய்விடாதீர்கள், ஏனென்றால் பாதியில் வருகிற மாதிரி இருந்தால் வாக்கிங்கை விட்டுவிட்டு உடனே திரும்ப வேண்டும். அடக்கி அடக்கியே அந்த உணர்வு மழுங்கிப்போனவர்கள் நிறைய. வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் ஒரு குட்டி ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள், முழங்கால் உயர்ந்தால் முக்க வேண்டியது குறையும்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் 10, 15 நிமிடம் மெதுவாக நடங்கள், ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதும் மட்டுப்படும். மெதுவாக என்பது முக்கியம். வயிறு நிறையச் சாப்பிட்டு ஓடினால் ரத்தம் தசைகளுக்குப் போய் குடலுக்குக் குறைந்துவிடும், வயிற்றைப் பிடித்து இழுக்கும். நெடுந்தூரம் ஓடுபவர்கள் சிலருக்கு வழியிலேயே வயிற்றுப்போக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஓட்டம், ஜிம் எல்லாம் சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் சரி. சிட்டப்ஸ் எடுத்தால் மலச்சிக்கல் தீரும் என்று சிலர் வயிற்றோடு மல்லுக்கட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த நேரத்துக்கு இன்னும் இரண்டு தெரு நடக்கலாம்.

பலன் மலச்சிக்கலோடு நிற்பதில்லை. தொடர்ந்து உடற்பயிற்சி செய்பவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைவு என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. இன்சுலின் அளவும் உள்ளே இருக்கும் அழற்சியும் குறைவது காரணங்களில் சில. 2025இல் வெளியான ஓர் ஆய்வில், பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரில் பாதிப் பேருக்கு மூன்று வருடம் ஆள் வைத்து உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். ஐந்து வருடத்தில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் அந்தப் பிரிவில் நூற்றுக்கு 80, வெறும் அறிவுரைக் கையேடு மட்டும் வாங்கியவர்களில் 74.

அதற்காகக் கீரையும் காயும் தண்ணீரும் இல்லாமல் நடந்து மட்டும் பயனில்லை. இரும்புச்சத்து மாத்திரை போன்றவையும் மலத்தை இறுக்கும், டாக்டரிடம் சொல்லுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, வாரக்கணக்கில் மாறிப்போன மலப் பழக்கம், இவற்றில் ஏதாவது இருந்தால் பைல்ஸ்தான் என்று நீங்களே முடிவு கட்டாமல் குடல் டாக்டரைப் பாருங்கள். கொலோனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை, எழுதிக்கொடுத்தால் பயந்து தள்ளிப்போட வேண்டாம், பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்கிறார்கள். முந்தின நாள் வயிற்றைச் சுத்தம் செய்யக் குடிக்கும் மருந்துதான் அதில் பெரிய தொல்லை.