பழைய பிரித்தானிய ஃபெல்ட் தொப்பியை அடையாளம் கண்டு சீர்படுத்துவது எப்படி?

பழம்பொருள் சந்தையிலோ இணைய ஏலத்திலோ ஒரு பழைய ஆங்கிலேய ஆண்கள் தொப்பியைப் பார்க்கும் புதியவர், முதலில் அதன் நிறத்தையும் ரிப்பனையும் பார்த்து மயங்குகிறார். பிறகு உள்ளே பொன்னெழுத்தில் இருக்கும் பெயரைப் படித்து, அதைச் செய்தவர் இவர்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார். இந்த இரண்டும் நம்பத் தகுந்த வழிகள் அல்ல. பொன்னெழுத்துப் பெயர் பெரும்பாலும் விற்ற கடையின் பெயர். செய்த ஆலையும் காலமும் வேறு சிறு தடயங்களில் ஒளிந்திருக்கின்றன. அவற்றை வரிசையாகப் படிக்கவும், படித்த பின் தொப்பியைக் கெடுக்காமல் சுத்தம் செய்து அணியவும் இந்த விளக்கம் உதவும். பளபளக்கும் உயரமான பட்டுத் தொப்பி ஃபெல்ட்டால் ஆனதன்று. ஆகவே அது இங்கே சேராது.

முதல் படி: பாதுகாப்பு

ஃபெல்ட் என்பது நெய்த துணி அன்று. வெந்நீர், வெப்பம், அழுத்தம் ஆகியவற்றால் இழைகளை ஒன்றோடொன்று பின்னிப் பிணைய வைத்து உருவாக்கும் பொருள் அது. ஆட்டுக் கம்பளி தானாகவே இவ்வாறு பிணையும். ஆனால் முயல், பீவர் என்னும் நீர்வாழ் கொறிவிலங்கு ஆகியவற்றின் ரோமம் எளிதில் பிணையாது. அதனால் ரோமத்தின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க, பாதரச நைட்ரேட் கரைசலைத் தோலின் மீது பூசி உலர்த்தும் முறை நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தது. அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்கள் கை நடுக்கத்துக்கும் மனக் குழப்பத்துக்கும் ஆளானார்கள். அருங்காட்சியகங்களில் பழைய ரோம ஃபெல்ட் தொப்பிகளைச் சோதித்தபோது பாதரசம் இன்னும் அவற்றில் தங்கியிருப்பது தெரியவந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது என்று தோன்றும் எந்த ரோம ஃபெல்ட்டையும் நைட்ரைல் கையுறையோடு, காற்றோட்டமான இடத்தில் கையாளுங்கள். அதை வீட்டுக்குள் ஆவியில் காட்டாதீர்கள். குழந்தைகளிடம் விளையாடக் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: தொட்டுப் பார்த்தல்

விளிம்பை இரு விரல்களுக்கு இடையே மெதுவாக வளைத்துப் பாருங்கள். நல்ல ரோம ஃபெல்ட் மெல்லியதாகவும் மழமழப்பாகவும் இருக்கும். மெல்லியதாயினும் வளைத்துவிட்டால் தன் இடத்துக்கு உடனே திரும்பும். கம்பளி ஃபெல்ட் சற்றுத் தடிமனாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும்; மழையில் நனைந்தால் எளிதில் தொய்ந்துவிடும். பிறகு தொப்பியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி உள்ளிருந்து நோக்குங்கள். ஊசிமுனை அளவு ஒளிப்புள்ளிகள் தெரிந்தால் அது பூச்சி அரித்தது. முன்பக்கத்து மடிப்பின் நுனியில் வெடிப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். விளிம்பில் உள்ள சிறு அரிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம்; மடிப்பில் ஏற்பட்ட வெடிப்பைச் சரி செய்ய முடியாது என்பதால் அந்தத் தொப்பியை விட்டுவிடுவதே நல்லது.

மூன்றாம் படி: வடிவத்தை அறிதல்

பிரித்தானிய ஃபெல்ட் தொப்பிகளில் மூன்று வகைகளைத் தெரிந்துகொண்டால் தொடக்கத்துக்குப் போதும். பௌலர், கவிழ்த்த கிண்ணம் போன்ற உருண்டையான, கெட்டியான தொப்பி. 1849-இல் கோக் என்னும் நிலவுடைமைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், தம் வேட்டைக்காட்டுக் காவலர்களின் தலையைத் தாழ்ந்த மரக்கிளைகளிலிருந்து காக்க, லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவிலுள்ள லாக் நிறுவனத்தில் இதைச் செய்யச் சொன்னார். லாக் அந்த வேலையை லண்டனின் சதர்க் பகுதியில் இருந்த தாமஸ், வில்லியம் பௌலர் ஆகியோரிடம் கொடுத்தது. கெட்டித்தன்மைக்குக் காரணம் ஃபெல்ட்டில் ஊறிய அரக்கு. உலகச் சந்தைக்கு அரக்கை மிகுதியாக அனுப்பிய நாடு இந்தியாதான். ஹோம்பர்க், நடுவில் ஒரே நீளப் பள்ளமும், சுற்றிலும் மேல்நோக்கிச் சுருண்டு நாடா கட்டிய விளிம்பும் உடையது. ஜெர்மனியின் பாட் ஹோம்பர்க் நகரிலிருந்து இதைக் கொண்டுவந்து பரப்பியவர் பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசர்; 1930-களில் பிரித்தானிய அரசியல்வாதி ஆந்தனி ஈடன் அணிந்த கறுப்பு ஹோம்பர்க் அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது. ட்ரில்பி, குறுகிய விளிம்பும் முன்பக்கத்தில் இரு கிள்ளல்களும் உடைய மென்மையான தொப்பி. முதல் தொப்பியாக ட்ரில்பியையே பரிந்துரைக்கிறேன். எண்ணிக்கையில் மிகுதி, விலையில் குறைவு, பழுதை ஓரளவு நாமே சீராக்கிக்கொள்ளவும் முடியும்.

நான்காம் படி: உள்ளே படித்தல்

இதுவே முழு வேலையின் மையம், அவசரப்படாமல் செய்யுங்கள். தொப்பியின் உட்புறம் நெற்றியைத் தொடும் தோல்பட்டையை முதலில் விரலால் அழுத்திப் பாருங்கள். தோல் நெகிழ்ந்தால் மட்டுமே அதை வெளிப்புறமாகப் புரட்டலாம். அப்பளம் போல உடையும் நிலையில் இருந்தால், புரட்டாமல் சிறு கைவிளக்கின் ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சி இடைவெளி வழியாக மட்டும் பாருங்கள்.

பட்டைக்குப் பின்னால் பல வேளைகளில் ஒரு சிறு காகிதச் சீட்டு ஒட்டியிருக்கும். அளவு, ஆலையின் சரக்கு எண், சில நேரங்களில் விலை ஆகியவை அதில் இருக்கும். விலை சாய்கோடு இட்டு ஷில்லிங்கிலும் பென்ஸிலும் எழுதப்பட்டிருந்தால், உதாரணமாக 42/6 என்று இருந்தால், தொப்பி 1971 பிப்ரவரிக்கு முற்பட்டது. அம்மாதம் 15-ஆம் நாள் பிரித்தானியா பதின்ம நாணய முறைக்கு மாறியது.

அடுத்து, உள்துணியிலும் தோலிலும் அச்சிட்ட முகவரியைப் படியுங்கள். லண்டனின் அஞ்சல் வட்டங்களுக்கு 1917-இல்தான் எண்கள் சேர்க்கப்பட்டன. ஆகவே வெறுமனே ‘லண்டன், டபிள்யூ.’ என்றிருந்தால் பழமைக்கு அது ஒரு சான்று, ‘டபிள்யூ.1’ அல்லது ‘எஸ்.டபிள்யூ.1’ என்றிருந்தால் அந்த அச்சு 1917-க்குப் பின்னர் வந்தது உறுதி. அரச குடும்பத்துக்குப் பொருள் வழங்கும் கடைக்கு அளிக்கப்படும் அரச நியமனச் சின்னம் இருந்தால் யாருக்கான நியமனம் என்று பாருங்கள். அரசி இரண்டாம் எலிசபெத்தின் பெயரில் இருந்தால் தொப்பி 1952-க்குப் பிற்பட்டது. மன்னர் ஆறாம் ஜார்ஜின் பெயரில் இருந்தால் 1936-க்கு முன் அது செய்யப்பட்டிருக்க முடியாது. தொப்பி அதன் அசல் பெட்டியோடு கிடைத்தால் தொலைபேசி எண்ணையும் கவனியுங்கள்: லண்டன் எண்களின் முன்னால் இணைப்பகப் பெயரை இடும் வழக்கம் 1966 முதல் படிப்படியாக மறைந்தது.

இவற்றில் எந்த ஒன்றையும் தனியாக நம்பக் கூடாது. கடைக்காரர்கள் பழைய உள்துணியையும் பெட்டியையும் தீரும்வரை பயன்படுத்தினார்கள்; ஒருவர் பெட்டியில் வேறொருவர் தொப்பி வந்து சேர்வதும் இயல்பு. இரண்டு மூன்று தடயங்கள் ஒரே காலத்தைக் காட்டினால் மட்டுமே அந்தக் காலத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பெயருக்குப் பின்னால் இருக்கும் ஊர்

லாக் நிறுவனம் 1676-இல் தொடங்கியது. லண்டன் கடைகளில் அதன் பெயருக்கு இன்றும் தனி மதிப்பு உண்டு. ஓல்டு பாண்டு தெருவின் ஸ்காட்ஸ், ஆக்ஸ்ஃபோர்டு தெருவின் ஹென்றி ஹீத், 1889-இல் தொடங்கிய ஹெர்பர்ட் ஜான்சன் ஆகிய பெயர்களும் ஏலங்களில் நல்ல விலைக்குப் போகின்றன. நடுத்தர மக்களின் கடை டன் அண்டு கோ. ஜார்ஜ் ஆர்தர் டன் 1887-இல் தொடங்கிய இந்த வணிகம் நாடெங்கும் கிளை பரப்பியதால், பழைய சந்தைகளில் இப்பெயரே அதிகம் கண்ணில் படும்.

ஆனால் ஃபெல்ட் தொப்பித் தொழிலின் உயிர் வடமேற்கு இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டிலும் அதை அடுத்த டென்டனிலும் இருந்தது. 1773-இல் லண்டனில் தோன்றிய கிறிஸ்டி நிறுவனம் 1826-இல் ஸ்டாக்போர்ட்டில் ஒரு தொழிற்கூடத்தை வாங்கி அங்கே வேரூன்றியது. பேட்டர்ஸ்பி அவ்வூரின் ஆஃபர்டன் பகுதியில் வளர்ந்தது. ஜோசஃப் வில்சன், மூர்ஸ் ஆகியோரின் ஆலைகள் டென்டனில் இயங்கின. போருக்குப் பின் ஆண்கள் தொப்பி அணிவதையே விட்டுவிட, மிஞ்சிய பெரிய ஆலைகள் 1966-இல் ஒரே நிறுவனமாக இணைந்தன. ஸ்டாக்போர்ட்டின் கிறிஸ்டி ஆலை 1997-இல் மூடப்பட்டது. வார்விக்‌ஷயரின் ஏதர்ஸ்டோன் ஊரில் இருந்த வில்சன் அண்டு ஸ்டாஃபோர்டு ஆலை 1999-இல் நின்றது. ஸ்டாக்போர்ட்டின் வெலிங்டன் மில்லில் உள்ள ஹாட் வொர்க்ஸ் அருங்காட்சியகத்தில் அந்த இயந்திரங்களைக் காணலாம். கூம்பு வடிவில் உறிஞ்சித் திரட்டிய ரோமம் வெந்நீரில் மீண்டும் மீண்டும் உருட்டப்பட்டுச் சுருங்கி, கட்டையில் வடிவேறித் தொப்பியாவதை அறிந்தவர், பெயரில்லாத தொப்பியையும் மதிப்பார். நல்ல ரோம ஃபெல்ட்டில் செய்த ஒரு பேட்டர்ஸ்பி, புகழ்பெற்ற தெருப் பெயர் தாங்கிய களைத்துப்போன தொப்பியைவிட மேலானது என்பது என் உறுதியான கருத்து.

ஆறாம் படி: அளவு

பிரித்தானிய அளவில் 7 என்பது 57 சென்டிமீட்டர். 7⅛ என்பது 58. 6⅞ என்பது 56. அமெரிக்க அளவு ஒரு படி மாறுபடும்: அதே 57 சென்டிமீட்டர் அங்கே 7⅛ ஆகும். தோல் காலப்போக்கில் சுருங்குவதால், எழுதிய எண்ணை நம்பாமல் உள்பட்டையின் சுற்றளவை நாடாவால் அளந்து சொல்லும்படி விற்பவரிடம் கேளுங்கள். சற்றுத் தளர்வாக இருந்தால் பட்டைக்குப் பின்னால் பருத்தித் துணிப் பட்டையை மடித்து வைக்கலாம். இறுக்கமாக இருந்தால் இழுத்துப் பெரிதாக்க முயலாதீர்கள்; தையல் கிழிந்துவிடும்.

ஏழாம் படி: சுத்தமும் ஆவியும்

மென்மையான தூரிகையால் ரோமம் படிந்திருக்கும் திசையிலேயே தூசியைத் துடையுங்கள். கருந்தொப்பிக்கும் வெளிர்த்தொப்பிக்கும் தனித்தனித் தூரிகை தேவை. சோப்பும் தண்ணீரும் வேண்டாம்.

முதல் படியில் எச்சரித்த பழைய ரோம ஃபெல்ட்டாக இல்லாத, நசுங்கிய ட்ரில்பியைச் சீராக்க, உள்பட்டையை வெளியே புரட்டிவிட்டு, கொதிக்கும் கெட்டிலின் ஆவியிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, நசுங்கிய இடத்தில் மட்டும் சில நொடிகள் ஆவியைக் காட்டுங்கள். ஈர வெப்பம் பட்டால் தோல் சுருங்கிக் கெட்டியாகிவிடும் என்பதால்தான் பட்டையை விலக்குகிறோம். ஃபெல்ட் இளகியதும் உள்ளிருந்து விரல்களால் தள்ளி வடிவத்துக்குக் கொண்டுவந்து, முழுவதும் ஆறும்வரை அணியாமல் வையுங்கள். ஒரே முறையில் முடிக்க நினைக்காமல் சிறிது சிறிதாகச் செய்யுங்கள். பௌலரை மட்டும் ஆவியில் காட்டவே கூடாது. அரக்கு இளகிக் கூடு சாய்ந்துவிட்டால் அதை நிமிர்த்தத் தேர்ந்த தொப்பிக் கலைஞரால்தான் முடியும்.

எட்டாம் படி: வைத்திருத்தல்

தொப்பியை எடுக்கும்போது முன்பக்கக் கிள்ளலைப் பிடிக்காமல் விளிம்பை இரு கைகளாலும் பிடியுங்கள். மேசையில் தலைகீழாக, உச்சி கீழே இருக்கும்படி, விளிம்பு மேசையைத் தொடாமல் வையுங்கள். புதிதாக வாங்கிய தொப்பியை மற்றவற்றோடு சேர்க்கும் முன், காற்றுப் புகாத பையில் கட்டி இரண்டு வாரம் உறைபெட்டியில் வைத்தால் துணிப்பூச்சியும் அதன் முட்டைகளும் இறக்கும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருங்கள். உடனே பிரித்தால் ஃபெல்ட்டின் மீதே ஈரம் படியும்.