வடகோடிச் சுரங்க நகரத்தை மணவாளக்குறிச்சியில் இருந்து கட்டுவது எப்படி

கதைக்காகக் கற்பனை நாட்டை உருவாக்குகிறவர்கள் முதலில் கொடி வரைகிறார்கள், பிறகு ராஜ வம்சம் எழுதுகிறார்கள். அந்த நாட்டின் வடகோடியில் ஒரு சுரங்க நகரம் வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: அங்கே தோண்டுவது என்ன, அது எந்த வழியாக வெளியே போகிறது? விடை இல்லையென்றால் கொடியை மடித்து வையுங்கள்.

தாதுவை யார் கண்டார், யாருக்கு வேண்டியிருந்தது என்பதையும் முடிவு செய்யுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் ஊரான மணவாளக்குறிச்சியின் கடற்கரைக் கருமணலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூர்த் தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற தாதுவைக் கண்டார். அதிலுள்ள தோரியம் என்ற உலோகம் கேஸ் விளக்கில் ஒளிவிடும் வலையான மேன்டிலுக்குத் தேவைப்பட்டது. கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, ஊற வைத்துத் தும்பு அடித்த பெண்களுக்கோ அது உதறிவிட வேண்டிய மண். உங்கள் நகரத்துக்கும் இப்படி ஒரு தற்செயல் இருக்கட்டும். மாமன்னர் ஆணையிட்டார், சுரங்கம் பிறந்தது என்று எழுதினால் யார் நம்புவார்?

அடுத்தது வழி. நேரத்தை இங்கேதான் செலவிட வேண்டும். ருஷ்யாவின் நோரில்ஸ்க், நிக்கல், பல்லேடியம் என்ற உலோகங்களை எடுக்கும் வடகோடி நகரம். நாட்டின் மற்ற பகுதிகளோடு அதை இணைக்கச் சாலையும் இல்லை, ரயிலும் இல்லை. சரக்கு எனிசெய் ஆற்றிலுள்ள துதின்கா துறைமுகம் வழியாகப் போகிறது. குளிர்காலத்தில் பனியுடைப்புக் கப்பல்கள் பாதை திறந்துவிடும். துறைமுகம் முடங்குவது வசந்தத்தில்தான்: பனி உடைந்து ஆறு பெருகிக் கரையை மூழ்கடிக்கும், அதற்கு முன்பே கிரேன்களை மேட்டுக்கு நகர்த்திவிடுவார்கள். வெயில் வந்தால் வழி அடைபடும் ஊர்! கதைக்கு வேறென்ன வேண்டும்? ஸ்வீடனின் கிருனா இன்னொரு வகை. சொந்த நாட்டுக் கடலான போத்னியா வளைகுடா குளிரில் உறைந்துவிடும் என்பதால், அதன் இரும்புத் தாது ரயிலேறி நார்வேயின் நார்விக் துறைமுகத்துக்குப் போகிறது. இந்த ஏற்பாட்டைக் கடன் வாங்கினால் அண்டை நாடும் அதோடு ஒரு தகராறும் இலவசம்.

கட்டடங்களையும் நிலத்தைக் கேட்டே கட்டுங்கள். நோரில்ஸ்கில் எப்போதும் உறைந்திருக்கும் மண்ணில் தூண் இறக்கி, அடியில் காற்று ஓட இடம் விட்டு வீடு எழுப்புகிறார்கள். வீட்டுச் சூடு மண்ணுக்கு இறங்கினால் மண் இளகும், சுவர் விரியும். கிருனாவில் சுரங்கமே ஊரின் அடியைக் குடைகிறது. ஆகவே ஊரையே பெயர்க்கிறார்கள். 1912-இல் கட்டி முடித்த மரத் தேவாலயத்தை 2025 ஆகஸ்டில் சக்கர வண்டிகளில் ஏற்றிச் சுமார் 5 கிலோமீட்டர் நகர்த்தினார்கள். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவில் தேர் வீதியில் வரும், அங்கே கோயிலே வந்தது.

குளிரை எழுத வடதுருவம் போக வேண்டாம். இறால் கம்பெனியில் வேலை பார்த்த அக்கா யாராவது உங்கள் தெருவில் இருப்பார். இறாலை உறைய வைக்கும் பிளாஸ்ட் ஃப்ரீசரில் மைனஸ் 40 டிகிரி வரைக்கும் உண்டு. நனைந்த கையுறை இரும்புத் தட்டில் எப்படி ஒட்டிக்கொள்ளும், விசிறி இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம் எப்படிப் பேசுவது என்று அவரிடம் கேளுங்கள். நோரில்ஸ்கில் சூரியன் உதிக்காத நாட்கள் ஏறக்குறைய 45. அந்த இருட்டில் வாழும் மனிதர்களை எழுத, வளைகுடா நாட்டு வேலையில் இருந்து லீவில் வந்தவரைப் பிடியுங்கள். முகாம் அறையில் ஜன்னலோரக் கட்டில் யாருக்கு, வெள்ளிக்கிழமைச் சமையல் யாருடையது, லீவு தள்ளிப்போனதை வீட்டில் எப்படிச் சொன்னார்? சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள், பேச்சு நின்றுவிடும்.

பெயர் கடைசியில் போதும். நமக்கு விளை, கோடு, குறிச்சி என்று ஊர்ப்பெயர்கள் முடிவதுபோல உங்கள் நாட்டுக்கும் இரண்டு மூன்று முடிவுகளை வைத்துக்கொண்டு எல்லா ஊர்களுக்கும் பயன்படுத்துங்கள். 'க்ஸார்வொன்' என்று நாக்கு சுளுக்கும் பெயர் வைத்தால், நான் இரண்டாம் பக்கம் புரட்ட மாட்டேன்.