தோட்டத்தில் தாழி தென்பட்டால் செய்யக் கூடாதவை

கிணறு வெட்டும்போதோ, பொக்லைன் வைத்து மேட்டைச் சமன் செய்யும்போதோ முதுமக்கள் தாழியின், அதாவது பழங்காலத்தில் இறந்தவரை இட்டுப் புதைத்த பெரிய மண்பானையின், வாய் தெரிவது தென் மாவட்டங்களில் அரிதல்ல. தங்கம் இருக்குமோ என்று உள்ளே கைவிட்டு மண்ணை அள்ளிக் கொட்டிவிடுகிறார்கள். பேரிழப்பே அந்த மண்தான். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு தாழிக்குள் மண்ணோடு கிடந்த நெல்தான் ஆய்வகம் சென்று கி.மு. 1155 என்ற காலத்தைக் காட்டியது. காலி செய்த தாழியிடம் இனி எதைக் கேட்பது?

பானை ஓடுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வதும் தவறு. உட்புறம் கறுப்பு, வெளியே விளிம்பை ஒட்டிக் கறுப்பு, அதற்குக் கீழே சிவப்பு என்று இருந்தால் அது கறுப்பு-சிவப்புப் பானை ஓடு. அதில் ஏணி போன்ற கீறல் குறியோ, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் யாரோ ஒருவரின் பெயரோ இருக்கக்கூடும். ஆனால் எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது தெரியாவிட்டால் அதன் சாட்சியம் பாதி போய்விடும். கீழடியில் கி.மு. 580 என்று காலம் கணிக்கப்பட்ட மாதிரி 353 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்பட்டது, ஆழத்தைக் குறித்து வைத்ததால்தான் அந்த மண்ணடுக்கின் வயது தெரிந்தது.

காசு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். களிம்போடு எழுத்தும் போய்விடும்.

வரப்போரத்து நடுகல்லை, அதாவது இறந்த வீரனின் நினைவாக நட்ட கல்லை, வேடியப்பன் என்று கும்பிடுவதில் குறையே இல்லை. பல கற்கள் இன்றுவரை தப்பியிருப்பது அந்த வழிபாட்டால்தான். அதற்கு எனாமல் பெயின்ட் அடிப்பதும், சிமெண்டில் பதிப்பதும்தான் கொடுமை. எழுத்தைப் படிக்கச் சாக்பீஸும் வேண்டாம். மாலையின் சாய்ந்த வெயிலில் படம் எடுத்தால் வெட்டுகள் தெளிவாக விழும்.

நிலம் பறிபோகும் என்று அஞ்சி மூடி மறைப்பவர்களும் உண்டு. கீழடியில் தனியார் தென்னந்தோப்புகளில், உரிமையாளர்களின் சம்மதத்தோடுதான் குழி போட்டார்கள். வேலை முடிந்ததும் மண்ணிட்டு மூடினார்கள். மறைப்பதுதான் சிக்கல்: 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். எனவே இயந்திரத்தை நிறுத்துங்கள், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, கிராம நிர்வாக அலுவலர் மூலமாகவாவது தொல்லியல் துறைக்குச் சொல்லி அனுப்புங்கள்.