அடிக்கு அரை அங்குலம்: 1/24 கிட்டில் ஒரு சங்ககிரி லாரி

அசலில் 24-இல் ஒரு பங்கு அளவுள்ள, ஒட்டிச் செய்யும் 1/24 பிளாஸ்டிக் மாடல் லாரி கிட் வாங்கினால் பெட்டிக்குள் பெரும்பாலும் இருப்பது ஐரோப்பிய டிராக்டர் தலைதான், அதாவது டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி மட்டும். இட்டாலேரி, ரெவெல் பெட்டிகளில் வால்வோ, ஸ்கேனியா, மெர்சிடிஸ் என்று வரும். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் பட்டறைகளில் கட்டி ரோட்டுக்கு விடும் லோடு பாடியை நாமேதான் கட்ட வேண்டும். கிட்டின் இன்ஜின், ஆக்சில், பட்டை (லீஃப் ஸ்பிரிங்), சக்கரம், கேபின் எல்லாம் அப்படியே உதவும். சேஸை நீட்டி, ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றி, பின்னால் 20 அடி பாடி ஏற்றுவதுதான் வேலை.

1/24-இல் ஒரு வசதி உண்டு: அடிக்கு அரை அங்குலம். பாடி கட்டுகிறவர்கள் பேசுவதும் அடிக்கணக்குதான் என்பதால் கால்குலேட்டரே தேவைப்படாது. 20 அடி பாடி 10 அங்குலம், 8 அடி அகலம் 4 அங்குலம், 6 அங்குலப் பலகை கால் அங்குலம். ஏ.எம்.டி. போன்ற 1/25 கிட்டில் இந்தச் சலுகை கிடையாது, எல்லாவற்றையும் மி.மீ. ஆக்கி 25-ஆல் வகுக்க வேண்டியதுதான்.

டயரை மாற்ற வேண்டியதில்லை. கிட்டில் வரும் 315/80 ஆர் 22.5 டயரின் உயரம் அசலில் சுமார் 1,076 மி.மீ.; நம் லாரியின் 10.00-20 டயர் 1,050 மி.மீ.-ஐ ஒட்டி வரும். 1/24-இல் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்தான். ஆனால் ரிம்முக்குப் பெயிண்ட் அடித்து நன்றாகக் காய்ந்த பிறகே டயரை மாட்டுங்கள். மென்மையான வினைல் டயரிலிருந்து கசியும் எண்ணெய் வெறும் பிளாஸ்டிக்கைச் சில வருடங்களில் அரித்துவிடும். சேலத்து வெயிலில் இன்னும் சீக்கிரம்.

சேஸ் நீட்டுவது

டிராக்டர் தலையில் முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே சுமார் 3.7 மீட்டர் இருக்கும். 20 அடி பாடிக்கு 5.2 மீட்டர் என்று வைத்தால் 1.5 மீட்டர் கூட்ட வேண்டும். 24-ஆல் வகுத்தால் 62.5 மி.மீ. கியர்பாக்ஸுக்குப் பின்னால், பின்பட்டையின் முன் பிராக்கெட்டுக்கு முன்னால் ரேசர் ரம்பத்தால் அறுங்கள். இருபக்கச் சட்டத்திலும் இடையில் செருகும் 62.5 மி.மீ. புதுத் துண்டுகள் இரண்டையும் டேப்பால் ஒன்றாகக் கட்டி, முனைகளைச் சேர்த்தே தேய்த்தால்தான் நீளம் ஒத்து வரும். இணைப்புக்கு உள்பக்கம் 1 மி.மீ. ஸ்டைரீன் (கிட்டின் அதே பிளாஸ்டிக்) பட்டையை, வெட்டுக்கு இந்தப் பக்கம் 20, அந்தப் பக்கம் 20 மி.மீ. ஓடும்படி ஒட்டுங்கள். முனையோடு முனை மட்டும் ஒட்டினால் பாடி ஏறியதும் அந்த இடத்தில் தொய்யும்.

ஒட்டும்போது சேஸ் கண்ணாடிப் பலகை மேல் இருக்கட்டும். ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கினாலே ஒரு சக்கரம் தரையில் பாவாது. 24 மணி நேரம் காயவிட்டு, ஆக்சில்களை டேப்பால் மாட்டிப் பாருங்கள். கோணல் தெரிந்தால் இப்போதே அறுத்துத் திரும்ப ஒட்டிவிடலாம். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் நீள வேண்டும். நீண்ட வண்டியில் அது இரண்டு துண்டு, நடுவில் சென்டர் பேரிங். பாகங்கள் கோத்து வரும் சட்டத்திலிருந்து 3 மி.மீ. குச்சியை வெட்டிக்கொண்டால் போதும். பேனா ரீஃபில்லில் பசையும் பிடிக்காது, பெயிண்ட்டும் நிற்காது.

பசை விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. மெல்லிய பிளாஸ்டிக் சிமென்ட் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்குகிறது. பிரஷ்ஷில் ஒரு துளி தொட்டு இடுக்கில் வைத்தாலே தானாக உள்ளே ஓடும். அக்ரிலிக் போர்டு கடைகளில் வைத்திருக்கும் குளோரோஃபார்மும் ஒட்டும். ஆனால் மெல்லிய பாகத்தைக் குழைத்துவிடும், மூச்சுக்கும் கெடுதல், வேண்டாம். கண்ணாடிப் பாகங்களுக்கு ஃபெவிக்விக் பக்கமே போகாதீர்கள். அதன் ஆவி படிந்து கண்ணாடி வெள்ளை பூத்துவிடும். அதற்கு ஃபெவிகால் போதும்.

வலப்பக்க ஸ்டியரிங்

டாஷ்போர்டை மூன்று துண்டாக அறுத்து, மீட்டர் இருக்கும் துண்டை வலப்பக்கம் வைத்து, இடைவெளிகளுக்குப் பட்டி போட்டுத் தேய்த்தால் டாஷ் முடிந்தது. பெடல், ஸ்டியரிங் கம்பி, சேஸில் தொங்கும் ஸ்டியரிங் பாக்ஸ் எல்லாம் கூடவே மாறும். அனைவரும் மறப்பது வைப்பர். அது படுக்கும் திசையும் மாற வேண்டும். லாரி ஓட்டுகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். கேபின் என்ன செய்தாலும் கொஞ்சம் வெளிநாடாகத்தான் தெரியும். மேலே ஒரு முகப்புப் பலகையும், கண்ணாடிக்கு மேல் வைசரும் வைத்தால் பாதி ஊர் வந்துவிடும்.

பாடி

தளத்துக்கு 1 மி.மீ. ஸ்டைரீன் ஷீட், 10 அங்குலத்துக்கு 4. சன்போர்டு (நுரை பிளாஸ்டிக் போர்டு) மலிவுதான், ஆனால் நகம் பட்டாலே பள்ளம் விழும். பக்கப் பலகைக்கும் 1 மி.மீ. ஷீட்டே: 3 அங்குல உயரம், அசலில் 6 அடி. கால் அங்குலத்துக்கு ஒரு கோடு பென்சிலில் போட்டு, இரும்பு ஸ்கேல் வைத்து, பிளேடின் முதுகால் ஒவ்வொரு கோட்டையும் மூன்று, நான்கு முறை லேசாக இழுங்கள். முதல் இழுப்பில் அழுத்தினால் பிளேடு வழுக்கிப் பலகையின் குறுக்கே போகும். கோட்டின் இரு கரையிலும் எழும் பிசிறை 600 வாட்டர் பேப்பரால் எடுத்துவிடுங்கள். பிறகு 80-ஆம் நம்பர் உப்புத்தாளை நீளவாக்கில் ஒரே ஒரு முறை இழுத்தால் மரத்தின் நார் விழும். இரண்டாம் முறை இழுத்தால் அது நார் இல்லை, கீறல்.

வெளிப்பக்கம் 1 அங்குலத்துக்கு ஒரு செங்குத்துச் சேனல் வரும். அவற்றை வரிசையாகப் பசை ஊற்றி ஒட்டினால், பசை காயும்போது அந்தப் பக்கம் மட்டும் சுருங்கி, பலகை வாழைக்காய் போல வளையும். ஒன்று விட்டு ஒன்று, பொட்டுப் பொட்டாகத் தொட்டு ஒட்டி, கனமான புத்தகத்தின் அடியில் ஓர் இரவு வையுங்கள். கயிறு கட்டும் கொக்கிக்கு 0.5 மி.மீ. செம்புக் கம்பி.

பெயிண்ட்

ஒட்டும் முன்பே எல்லாப் பாகத்தையும் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காயவையுங்கள். அச்சில் தடவிய எண்ணெய் இருந்தால் பெயிண்ட் உரியும். கார் பெயிண்ட் கடையின் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட்டை வெறும் பிளாஸ்டிக்கில் அடித்தால் தின்னர் மேற்பரப்பைக் கடித்துச் சொரசொரப்பாக்கும். முதலில் மாடல் பிரைமர், பிறகு பனி போல மெல்லிய இரண்டு கோட், அதன்பின்தான் ஈரக் கோட். எனாமல் மேல் என்.சி. அடிக்கவே கூடாது, சுருங்கிவிடும்.

நேஷனல் பர்மிட் லாரிக்கு முன்பு விதியில் சொல்லியிருந்தது சருகுப் பழுப்பு, ஓரத்தில் 30 செ.மீ. வெள்ளைப் பட்டை. 1/24-இல் பட்டை 12.5 மி.மீ. வெள்ளையை முதலில் அடித்து, டேப் ஒட்டி, டேப்பின் விளிம்பில் மறுபடி கொஞ்சம் வெள்ளை ஊதிவிட்டுப் பழுப்பை அடியுங்கள். கசிந்தால் வெள்ளைதான் கசியும்.

சித்திரை, வைகாசியில் சேலத்தில் பகலில் ஸ்ப்ரே பண்ணினால் பெயிண்ட் வண்டியைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து, மணல் தூவியது போல உட்காரும். காலை எட்டுக்குள் முடித்துவிடுங்கள், 20-25 செ.மீ. தூரம். ஏற்காட்டில் சிக்கல் நேர் எதிர். தின்னர் ஆவியாகும்போது பெயிண்ட் குளிர்கிறது, பனிமூட்டத்தின் ஈரம் அதில் படிந்து பால் போல வெளுக்கிறது. ஐப்பசி மழையில் சேலத்திலும் இதே கதைதான். துடைக்காதீர்கள். வெயில் வந்த நாளில் ரிட்டார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்த தின்னரை லேசாக ஊதினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

நம்பர் பிளேட் மஞ்சளில் கறுப்பு எழுத்து, 14-க்கு 8 மி.மீ. சங்ககிரி என்றால் டி.என். 52. ஒளிரும் டேப் 2 மி.மீ. அகலம்: முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு.

லோடும் தூசியும்

சேலத்து லோடு என்றால் ஜவ்வரிசி மூட்டை. எம்-சீலை 33 x 20 x 8 மி.மீ. அளவில் உருட்டித் தட்டி, காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை மேலே வைத்து அழுத்தி எடுத்தால் சாக்கின் நெசவு பதியும். நான்கு மூலையையும் காது போலக் கிள்ளிவிட்டு, ஈரமாக இருக்கும்போதே ஒன்றின் மேல் ஒன்று அடுக்குங்கள். மேல் மூட்டை கீழ் மூட்டையை அமுக்கினால்தான் கனம் தெரியும். சீக்கிரம் இறுகும் என்பதால் ஒரு தடவைக்கு ஏழெட்டுக்கு மேல் பிசைய வேண்டாம். உள்ளே இடத்தை அடைக்கத் தெர்மாகோல் வைக்கலாம், ஆனால் ஃபெவிகால் பூசிய பிறகே. இல்லாவிட்டால் ஸ்ப்ரேயில் கரைந்து குழி விழும்.

தூசிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். சேர்வராயன் மலையின் பாக்சைட் செம்மண்ணையோ, மாமாங்கம் பக்கத்து வெள்ளைக்கல் (மாக்னசைட்) தூளையோ பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை சலித்து, மாட் கோட் (பளபளப்பில்லாத மேல்பூச்சு) அடித்த வண்டியில் மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். இரண்டையும் ஒரே வண்டியில் கலக்காதீர்கள். செம்மண் மட்கார்டின் உள்பக்கத்திலும் பின்கதவின் கீழ்ப்பாதியிலும் அடர்த்தியாக இருக்கும். கதவுக் கைப்பிடியைச் சுற்றி மட்டும் துடைத்துவிடுங்கள், அங்கே டிரைவர் கை தினமும் படும்.